பிள்ளைத்தாய்ச்சியின் பை

தாய்மையைப் பாடாத புலவர் நம்மிடையே இல்லை. தாய்மையைப் போற்றாத மேடைப் பேச்சாளரும் இல்லை. ஆயினும், பிள்ளை பெறுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் பெண்ணொருத்தி தன் கையிலே கொண்டு செல்லும் பையைப் பற்றி நம் எழுத்தாளர் அதிகம் பேசியதில்லை. பை சாதாரணமான பொருள். அதனுள் இருப்பனவும் சாதாரணமான பொருள்களே. சில வெள்ளைத் துணிகள், ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு கோப்பை, ஒரு கரண்டி, ஓர் அட்டை. இவற்றிலே சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சமுதாயம் தன் தாய்மாருக்கு எதைக் கொடுத்திருக்கிறது, எதைக் கொடாது அவர்களுடைய தோளிலேயே சுமத்தி விட்டிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், மேடைப் பேச்சுகளைக் கேட்பதிலும் பார்க்க அந்தப் பையை அவிழ்த்துப் பார்ப்பது பயன் தரும் என்பது எமது கருத்து.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமது மகள் தனது முதற்பேற்றுக்காகப் பை கட்டினாள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, முற்றத்து மாமர நிழலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, கொண்டு வரவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். கர்ப்பகாலப் பதிவு அட்டையும் அடையாள அட்டையும் முதலில். பின்பு, முன்புறம் திறக்கக்கூடிய சட்டைகள், துவாய்கள், கட்டிலில் விரிக்க ஒரு றப்பர்ச் சீலை, சுகாதாரத் துவாய்கள், சுடுநீர்ப் போத்தல், கோப்பை, கரண்டி, சவர்க்காரம், பற்தூரிகை. பிள்ளைக்கென்று கழுவி வெயிலில் உலர்த்திய வெள்ளைத் துணிகள், சட்டை, தொப்பி, காலுறை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து எழும்பும் வேளையில், “பால் போத்தல் மாத்திரம் வைக்கவேண்டாம் பிள்ளை, அது அங்கே உள்ளே வர விடமாட்டினம்” என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை கூறிச் சென்றார். அந்த வார்த்தைக்குப் பின்னர் வருவோம்.

துணிகளை மடித்து அடுக்கும்போது எமது தாயார் உள்ளே வந்தார். எண்பத்தாறு வயதான மூதாட்டி. பையைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறிற்று. “பிறக்க முதலே தொப்பியும் சட்டையும் அடுக்கிறதோ? கண்ணூறு படும். பிறந்தாப்போலை பார்ப்பம், எடுத்து உள்ளை வை” என்றார். எமது மகள் சிரித்தாள். படித்த பிள்ளை, அவளுக்கு அது ஒரு மூடநம்பிக்கை. எமக்குச் சிரிப்பு வரவில்லை. மூடநம்பிக்கையை எதிர்ப்பது முற்போக்காளரின் கடமை என்பதில் ஐயமில்லை. எனினும், அது எந்த மண்ணில் முளைத்தது என்று தோண்டிப் பாராமல் அதை எள்ளி நகையாடுவது பகுத்தறிவு ஆகாது.

தோண்டிப் பார்த்தால் தெரிவது இதுதான். 1930களின் முற்பகுதியில், இலங்கையில் ஒவ்வொரு 1,00,000 உயிர்ப்பிறப்புகளுக்கும் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது, ஐம்பது பேறுகளுக்கு ஒரு தாயின் உயிர். ஒரு பெண் ஆறும் ஏழும் பிள்ளை பெற்ற காலம் அது. கணக்குப் பார்த்தால், எட்டுப் பெண்களில் ஏறக்குறைய ஒருத்தி பிள்ளைப்பேற்றிலேயே மாண்டிருப்பாள். எட்டுப் பெண்கள் இல்லாத ஒழுங்கை எது? எமது பாட்டியார் ஏழு பெற்றார், நிலைத்தவை ஐந்து. அத்தகைய உலகத்திலே, பிறவாத பிள்ளைக்குத் தொப்பி தைத்து வைப்பதற்கு எந்தத் தாய்க்கு மனம் துணியும்? பழைய வேட்டியையும் பழஞ்சீலையையும் கிழித்து ஒரு மூலையில் வைப்பார்கள். பிள்ளை பிழைத்தால் அது பிள்ளைத் துணி. பிழையாவிட்டால் அது வெறும் பழந்துணி. எமது தாயார் கண்ணூறு என்று சொன்னதன் அடியிலே கிடந்தது ஒரு மரணக் கணக்கு. பேறு வருமுன்னரே பை கட்டி வாசலில் வைப்பது நம்பிக்கையோடு செய்யப்படும் ஒரு செயல். அந்த நம்பிக்கை எமது மகளுக்கு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை. பல தலைமுறைகளின் உழைப்பாலும் போராட்டத்தாலும் வந்தது. பையிலுள்ள பொருள்களைக் கேட்டால் அவையே அந்த வரலாற்றைச் சொல்லும்.

சவர்க்காரக் கட்டியை எடுத்துக்கொள்வோம். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு பேற்று விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் வைத்திய மாணவர்களும் கடமை பார்த்தனர், மற்றதில் மருத்துவிச்சிகள். படித்தவர்கள் பார்த்த விடுதியிலேதான் தாய்மார் பெருந்தொகையாகச் சூதிகா சுரத்தால் மாண்டனர். ஏழைப் பெண்கள் அந்த விடுதியில் தம்மைச் சேர்க்க வேண்டாம் என்று காலில் விழுந்து கெஞ்சினர். தெருவிலே பிள்ளை பெறுவதே மேல் என எண்ணிய பெண்களும் இருந்தனர். 1847ஆம் ஆண்டு செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் இதன் காரணத்தைக் கண்டார். பிணங்களை அறுத்துப் படித்த கையோடு வைத்தியர்கள் பிள்ளைப்பேறு பார்க்க வந்தனர். குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். அவ்வாண்டு சித்திரையில் நூற்றுக்குப் பதினெட்டு அளவில் இருந்த மரணம், ஆனி மாதத்தில் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிற்று. ஆயினும், கனவான்களின் கை அழுக்காக இருக்கும் என்பதைக் கனவான்கள் ஏற்கவில்லை. செம்மல்வைஸ் தமது பதவியை இழந்து, 1865இல் ஒரு மனநோயாளர் விடுதியில் இறந்தார். பையிலே நாம் வைக்கும் சவர்க்காரத்துக்கு இத்துணை விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

வெள்ளைத் துணியை எடுத்துக்கொள்வோம். வீட்டிலே பேறு நடந்த காலத்தில், கையில் அகப்பட்ட கத்தியால் கொடி அறுக்கப்பட்டது. கையில் அகப்பட்ட துணியால் பிள்ளை துடைக்கப்பட்டது. பிறந்த ஒரு கிழமைக்குள் வாய் இறுகி, பால் குடிக்க மாட்டாது, உடல் வில்லாக வளைந்து இறந்த குழந்தைகள் எத்தனை! பேய் பிடித்தது என்றார்கள், செய்வினை என்றார்கள். அது ஏற்புவலி நோய். அழுக்கான அலகு வழியே புகும் கிருமியால் வருவது. 1969ஆம் ஆண்டு முதல் இலங்கையில் கர்ப்பவதிகளுக்கு அதற்கான தடுப்பூசி ஏற்றப்படுகிறது. இன்று அந்நோயால் மாளும் குழந்தையை இந்நாட்டில் காண்பதே அரிது. எந்தப் பேயோட்டியும் சாதிக்காத ஒன்றைப் பத்துச் சத ஊசியும் ஒரு குடும்பநல மாதுவின் சைக்கிளும் சாதித்தன.

மருத்துவிச்சியைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். நடுச்சாமத்தில் பந்தம் பிடித்து அவர்களை அழைத்து வருவார்கள். பிள்ளையின் தலையை முதலில் தொடுவது அவர்களுடைய கை. அதே கை அந்த வீட்டுக் கிணற்றில் வாளியைத் தொடக் கூடாது. கொடி அறுத்தவள் முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்த பின்னர் முன்வாசலால் அவ்வீட்டுக்குள் வர இயலாது. அவர்களுக்கு அறிவு இல்லை என்று படித்தவர்கள் பழித்தனர். அவர்களிடம் அனுபவம் இருந்தது. அதைச் சீர்செய்து கொள்ளும் கல்வியைத்தான் சமுதாயம் அவர்களுக்கு மறுத்தது. மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், தமிழிலேயே வைத்தியத்தைக் கற்பிக்க வேண்டும் என்று கண்டு, பிள்ளைப்பேறு பற்றிய நூலொன்றை 1857இல் தமிழில் வெளியிட்டார். பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் தோன்றியது. கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இலேயே தோன்றியிருந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் மிஷனின் கருணையும் செல்வரின் கொடையும் எட்டிய தூரம் குறுகியது. ஒழுங்கைக்குள் இருந்த ஏழைப் பெண் அன்றும் பழஞ்சீலையைத்தான் கிழித்து வைத்தாள்.

ஒழுங்கைக்குள் ஆஸ்பத்திரியின் நிழல் விழச் செய்தது எது? பையிலுள்ள அட்டை அதற்கு விடை தரும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது; கர்ப்பவதிகளை வீட்டுக்கு வீடு தேடிச் சென்று பதிந்து, நாள் குறித்து, பார்த்து வரும் முறை அங்கே வேரூன்றியது. 1931இல் இந்நாட்டு ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வர வேண்டியவர்களுக்கு, கிராமத்துத் தாய் சாகிறாள் என்பது திடீரென்று கண்ணில் பட்டது! 1934-35இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். பசித்த உடலில்தான் நோய் பாய்கிறது என்று அவர்கள் நேரிலே கண்டு வந்து சொன்னார்கள். கிராமிய ஆஸ்பத்திரிகளும் பயிற்றப்பட்ட மருத்துவிச்சிகளும் பெருகினர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாதியும் மருத்துவிச்சியுமாகப் பெண்கள் படித்து வெளிவந்தனர். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் பையிலே பணம் வைக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. இது சிறிய காரியமா? கொட்டப்பெட்டியில் ஒன்றுமில்லாத பெண்ணும் நிமிர்ந்து நடந்து சென்று கட்டிலில் படுக்கலாம் என்றாயிற்று. 1930களில் 2,000ஐத் தாண்டி நின்ற தாய் மரண வீதம் எமது காலத்தில் முப்பதை அண்டி நிற்கிறது. செல்வம் கொழிக்கும் நாடாகிய பின்னர் நாம் இதைச் சாதிக்கவில்லை. ஏழை நாடாக இருந்துகொண்டே சாதித்தோம். நமது மாணவர்கள் நெஞ்சில் பதிக்க வேண்டிய உண்மை இது.

ஆனால் இந்தப் பொதுக் கணக்கை எழுதும்போது, அதில் சேராது விடப்பட்டவர்களை மறைக்க எமக்கு உரிமை இல்லை. வாக்கு வந்ததால் ஆஸ்பத்திரி வந்தது என்றோம். வாக்குப் பறிக்கப்பட்டவர்களுக்கு என்ன வந்தது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. பெண் தொழிலாளருக்குப் பேறுகாலச் சகாயம் வழங்கும் சட்டம் 1939இலேயே வந்திருந்தது உண்மை. எனினும், சட்டப் புத்தகம் லயன் காம்பராவுக்குள் வந்து பேறு பார்ப்பதில்லை. அரசாங்கத்தின் சுகாதார சேவை ஊருக்குள் வளர்ந்த காலத்தில், தோட்டத்துத் தாயின் உயிர் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று விடப்பட்டது.

1986 முதல் 1989 வரை நாம் அட்டன் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகக் கடமையாற்றினோம். 1987ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், எமது வகுப்பு மாணவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, தன் தாய்க்கு வலி கண்டுவிட்டது என்றாள். நாம் சென்றபோது அந்தப் பெண் லயத்துத் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருகே அவளுடைய பை. அது ஓர் உரப்பை. கழுவி, வாயைச் சுருக்கி, சணல் கோர்க்கப்பட்டிருந்தது. அதனுள் கிழித்து மடித்த பழைய சேலை, அரைக்கட்டிச் சவர்க்காரம், தகரக் கோப்பை, ஒரு கம்பளித் துண்டு, பொலித்தீனில் சுற்றிய கடதாசிகள். வலிக்கு இடையில் அவள் எம்மிடம் கேட்டது ஒன்றுதான். “டீச்சரம்மா, புள்ளைக்குப் பேர் பதியிறதுக்கு இந்தக் கடதாசி பத்துமா?” தனக்கு நாடு இல்லாது போனதற்குக் காரணம் ஒரு கடதாசி என்பதை அவள் அறிந்திருந்தாள். பிறவாத பிள்ளைக்கு அவள் முதலில் தேடியது பால் அன்று, பத்திரம்.

லொறி கீழே நின்றது. கொழுந்து நிறுத்து ஏற்றிய பின்னர்தான் அது புறப்படும் என்றார்கள். அந்தி நிறுவை முடிய நேரமாயிற்று. கொழுந்து வாடிவிடக்கூடும் என்ற கவலை தோட்டத்துக்கு இருந்தது. அன்றிரவு தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. நாலாம் நாள் அவள் திரும்பி வந்தாள். உரப்பைக்குள் அந்தச் சேலைத் துண்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றை எடுத்து அவள் கொடியிலே உலர்த்தவுமில்லை, எறியவுமில்லை. கொழுந்துக்கூடை தலைக்கயிற்றின் கீழ் தலையில் வைத்துக்கொள்வதற்காக ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டாள். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இன்று தோட்டத்துப் பெண்களும் ஏறத்தாழ எல்லோரும் ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெறுகின்றனர். ஆயினும், மேற்பிரிவு லயத்திலிருந்து இறங்கும் பாதை இன்னும் பல தோட்டங்களில் அதே பாதைதான்.

எமது சொந்தப் பையை நாம் கட்டியது 1991இல், யாழ்ப்பாணத்தில். 1990 ஆனியில் மீண்டும் மூண்ட யுத்தம் மின்சாரத்தைப் பறித்துவிட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம் யாவும் தடைக்கும் தட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட பண்டங்கள். எமது தாயார் எங்கோ தேடி ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கி வந்து, அதை நூலால் மூன்றாக அறுத்தார். ஒரு துண்டு பைக்கு. ஒரு துண்டு பேறு பார்க்க வருபவரின் கைக்கு. மற்றது பிள்ளையின் முதல் முழுக்குக்கு. உடுப்புகளைப் பனம்பழத்தின் களியால் தோய்த்தோம். பையிலே இரண்டு மெழுகுதிரியும் ஒரு நெருப்புப்பெட்டியும் வைத்தோம். வீட்டிலே ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்ட விளக்கு எரிந்தது. அயலிலே ஒருவர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் கிடைத்தபடியால் அதில் சென்றோம். கிடையாதவர்கள் சைக்கிள் கரியரில் சென்றனர். பேற்று அறையிலே அரிக்கன் லாம்பு தொங்கிற்று. எமது மெழுகுதிரியை எமக்கு முன்னர் வலி கண்ட ஒரு பெண்ணின் கட்டிலருகே ஏற்றினார்கள். அவளிடம் மெழுகுதிரி இல்லை. விமானச் சத்தம் கேட்டபோது தாதி ஓடவில்லை. இலவச மருத்துவம் என்பதன் உட்பொருளை நாம் அன்றிரவே கண்டோம். மருந்து இருந்ததோ இல்லையோ, அங்கே ஒருத்தி சம்பளத்தை விடப் பெரியதொரு கடமையைக் கருதி நின்றாள்.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் நிறைமாதக் கர்ப்பிணிகள் பையோடு நடந்தனர். 2009இல் வன்னியிலே பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அவர்களிடம் பையே இருக்கவில்லை. இவற்றை விரித்து எழுத இக்கட்டுரை போதாது. குண்டு விழுந்தாலும் கடன் விழுந்தாலும் முதலிலே வெறுமையாவது பிள்ளைத்தாய்ச்சியின் பைதான் என்பதை மாத்திரம் குறித்துச் செல்வோம்.

கடன் விழுந்த கதை 2022ஆம் ஆண்டுக் கதை. பெற்றோல் வரிசையில் நின்றவர்களிடம், உள்ளே வலி கண்ட பெண் இருக்கிறாள் என்று கெஞ்சி இடம் கேட்டவர்களை நாம் கண்டோம். ஆஸ்பத்திரிகளில் மருந்து குறைந்தது. அக்காலத்தில் ஒரு பழக்கம் பெருகிற்று: இதை வெளியே வாங்கி வாருங்கள், அந்த இரத்தப் பரிசோதனையை வெளியே செய்து வாருங்கள் என்று எழுதிக் கொடுக்கும் சிறு துண்டு. அந்தத் துண்டைக் கொடுத்த தாதியையும் வைத்தியரையும் நாம் குறை கூறவில்லை. அவர்களிடமும் இல்லை, அவர்கள் என் செய்வார்கள்? நாம் கூறுவது வேறு. நெருக்கடி தணிந்த பின்னரும் சில பழக்கங்கள் தங்கிவிடுகின்றன. 2024 தையில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. எமது மகளுக்கான பொருள்களை வாங்கியபோது, கடைக்காரர் போட்ட கணக்கைக் கண்டு நாம் திகைத்தோம். ஓய்வூதியம் பெறும் ஆசிரியை திகைக்கிறாள் என்றால், நாட்கூலிக்கு வெங்காயம் கிண்டும் பெண் என்ன செய்வாள்? சுகாதாரத் துவாயை விடுவாள், பழஞ்சீலையைக் கிழிப்பாள். எமது பாட்டியின் காலம் பின்வாசலால் மெல்ல உள்ளே வரும்.

இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. கட்டணம் அறவிடப்படும் என்று எந்த அரசாங்கமும் உரத்துச் சொல்லத் துணிவதில்லை. 1971இல் வெளிநோயாளரிடம் வெறும் 25 சதம் அறவிட்டபோதே ஏழைகள் ஆஸ்பத்திரிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டனர்; 1977இல் அது நீக்கப்பட்டது. இன்று அப்படி வாசலில் நின்று 25 சதம் கேட்க வேண்டியதில்லை. பையின் பட்டியலிலே ஒரு வரியைக் கூட்டினால் போதும். ஆஸ்பத்திரி இலவசம், பை இலவசமன்று. இவ்வாறு, ஒரு சட்டமும் மாறாமலே, ஒரு பத்திரிகையிலும் செய்தி வராமலே, உரிமை வரிவரியாகத் தேய்ந்து போகலாம். பணம் படைத்தவர்கள் இதை உணரமாட்டார்கள். அவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் தனியறையும் திரைச்சீலையும் விலை பேசி வைக்கப்பட்டிருக்கின்றன.

வரியைக் கூட்டுவது போலவே வரியைக் குறைக்கவும் முடியும் என்பதற்கு அந்தப் பால் போத்தலே சாட்சி. ஒரு காலத்தில் பால்மாக் கம்பனிகள் தாய்ப்பாலைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று எண்ணச் செய்தன. கொழுத்த குழந்தையின் படமிட்ட பேணி நாகரிகத்தின் சின்னமாயிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனம் அவ்விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை ஏற்றது. நமது சுகாதார ஊழியர்கள் அதை வீடு வீடாகக் கொண்டு சென்றனர். 2016ஆம் ஆண்டுக் கணிப்பில், இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மாத்திரம் அருந்தின. உலகத்திலே உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. மாமர நிழலில் எழும்பி நின்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியம், பெருங்கம்பனிகளைப் பைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது!

இன்னும் ஒரு படி மேலே சென்ற நாடும் உண்டு. பின்லாந்து இன்றைய செல்வ நாடாக இருக்காத காலத்தில், 1938இல், வறிய தாய்மாருக்குப் பேறுகாலப் பெட்டி ஒன்றை அரசே வழங்கத் தொடங்கிற்று. பிள்ளைக்கான உடுப்பு, துணி, விரிப்பு யாவும் அதில் இருந்தன. பெட்டியே பிள்ளையின் முதல் தொட்டிலாகவும் பயன்பட்டது. 1949 முதல் அது வறியோர், செல்வர் என்ற பேதமின்றி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை, கர்ப்பத்தின் நாலாம் மாதம் முடியுமுன் வைத்தியரையோ கிளினிக்கையோ நாடிப் பார்வையிடச் செய்துகொள்ள வேண்டும் என்பதே. தோட்டக்காரன் மகளும் மந்திரி மகளும் ஒரே பெட்டியைப் பெற்றனர். தருமமாகக் கொடுக்கப்பட்ட பொருளிலே பெறுபவளின் தலை குனியும்; உரிமையாகக் கொடுக்கப்பட்டதிலே குனிய வேண்டியதில்லை. 1973 முதல் திரிபோஷா மாவைக் கர்ப்பவதிகளுக்கு வழங்கி வரும் நாடு நமது நாடு. மாவைக் கொடுக்கத் தெரிந்த கைக்கு, துணியையும் சவர்க்காரத்தையும் கொடுக்கத் தெரியாதா?

இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் பெரியதன்று. 84 நாட் பேறுகால விடுமுறை நமக்கு உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்னர் மூன்றாம் பிள்ளைக்கும் அதே நாட்கள். வெங்காயம் கிண்டுபவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் அது நடைமுறையில் இல்லை என்பதை ஆசிரியர் சங்கங்கள் தமது தீர்மானங்களில் எழுதட்டும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். சென்ற ஆண்டு அதில் எத்தனை வரி, இந்த ஆண்டு எத்தனை வரி என்று எண்ணுங்கள். எந்தப் பொருளை ஆஸ்பத்திரி கொடுத்திருக்க வேண்டும், எதை வீட்டார் கொண்டு வரலாம் என்று வகுப்பிலே விவாதியுங்கள். சமூகக் கல்விக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. கூட்டப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டு, பிரதேச சபைக்கும் மாகாண சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் எழுதுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் அந்தப் பட்டியலை நீட்டுங்கள். 1931இல் அந்த வாக்கு என்ன செய்தது என்பதை மேலே கண்டோம்.

தாய்மாரைத் தெய்வமென்று கும்பிட வேண்டியதில்லை. தெய்வம் வேறொருவர் தரும் சவர்க்காரத்துக்காகக் காத்திருப்பதில்லை. தாய் மனுஷி. அவளுக்கு வலிக்கும், அவளுக்குத் துணி வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒளி வேண்டும், உரிய நேரத்தில் புறப்படும் வண்டி வேண்டும், பிள்ளையின் பெயரைப் பதிய ஒரு நாடு வேண்டும். இவற்றைச் சமுதாயம் சுமக்கட்டும். அவள் பையிலே தானாக விரும்பி வைக்கும் ஒரு சிறு தொப்பியும் ஒரு கோப்பையும் மாத்திரம் மிஞ்சும் நாள்வரை, பட்டியலின் வரிகளை எண்ணும் வேலை நமக்கு இருக்கிறது.